சிவப்பு இல்லாத குருவி

1

நீங்கள் அங்கே ஊரில் ஊரடங்குக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில் பாணுக்கு வரிசையில் நிற்கும்போது, ஆபிரிக்காவில் இருக்கும் ஒரு பௌதிக வாத்தியார் உங்களுக்குக் குருவிக் கதை எழுதுகிறார் என்றால், "மனிசனுக்கு வேற வேல இல்ல போல" என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இரண்டே விஷயங்கள்தான் பேச்சாக இருந்தன. ஒன்று, அக்காவுக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைக்குமா, அல்லது அவளைத் திரும்பவும் அந்தச் சண்டைக்குள் அனுப்ப வேண்டி வருமா என்பது. மற்றது, எங்கள் குசினிப் படியில் வந்து குரக்கன் மணி பொறுக்கும் ஒரு சின்னக் குருவி என்ன குருவி என்பது. முதலாவதைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவதை விட்டுவிட்டு அதைச் சொல்ல வரவில்லை.

அக்காவின் பெயர் தவமணி. களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் வழியாக வந்த வீட்டில் இருந்தவள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து வேறொருத்தி வீட்டுக்குப் போகவேண்டும். அத்தான் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அதைவிடத் தூரம் போய்விட்டேன். படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை என்று கப்பலேறியவர்களின் காலத்தில் நானும் ஒரு மூன்று வருட ஒப்பந்தத்தில் இங்கே வந்தேன். மலைச்சரிவில் ஒரு சிறு நகரம். காலையில் பல் கிட்டும் குளிர். ஒப்பந்தம் முடிந்தது, ஊரில் சண்டை தொடங்கியது, நான் திரும்பவில்லை. மனைவி வசந்தியை இங்கே கூப்பிட்டுக்கொண்டேன். மகள் அபிராமி இங்கேதான் பிறந்தாள்.

அத்தான் காணாமல் போய், வீட்டின் ஒரு பக்கமும் ஷெல் விழுந்து இடிந்த பிறகுகூட அக்கா அந்த வளவை விட்டு அசையவில்லை. "வீட்டுக்காரி நான் உசிரோட இரிக்கக்குள்ள, வீட்டைப் போட்டிட்டு எங்க போற?" என்று ஒரே பேச்சு. இடிந்த வீட்டில் தனியே இருந்தவள் காய்ச்சலில் விழுந்து, அயலவர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் வரச் சம்மதித்தாள். அதுவும் "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லித்தான். இங்கே வந்து இறங்கியபோது அவளிடம் ஒரு சூட்கேசும், நெற்றியில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு குங்குமப் பொட்டும் இருந்தன.

2

அந்தப் பொட்டை இந்த ஊர் ஆட்கள் முதலில் காயம் என்று நினைத்தார்கள். சந்தையில் தக்காளி விற்கும் பெண் ஒருத்தி பழைய துணியைக் கிழித்து, "கட்டிக்கொள்" என்று நீட்டியிருக்கிறாள். அக்கா அந்தத் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கில்லை.

இங்கே வயதுவந்த பெண்களை மரியாதையாக "மாமா" என்று கூப்பிடுவார்கள். சுவாஹிலியில் அது அம்மா. அக்காவுக்கு அது பிடிபட மாதக்கணக்காயிற்று. "தம்பி, நான் என்ன மீசை வைச்சிரிக்கனா? காணுற காணுற பொடியனெல்லாம் மாமா எண்டுறான்." சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் "ஷிகாமூ" என்ற வணக்கத்தை இவள் தக்காளிக்காரியின் கைக்குழந்தைக்குச் சொல்லுவாள். சந்தையே சிரிக்கும். இவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்படித்தான் அந்தப் பெண்களோடு சிநேகிதமாகி, எனக்குத் தெரியாத சுவாஹிலிச் சொற்களையெல்லாம் அங்கேயிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தாள். நான் பாடப்புத்தகத்தில் படித்த மொழியை அவள் மரக்கறிக் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து படித்தாள்.

அபி விஷயம் வேறு. அவளுக்குப் பதினொரு வயது. தமிழ் விளங்கும், பேசினால் மரியாதையெல்லாம் தலைகீழாக வரும். "மாமி, நீ சாப்பிட்டியா?" என்று அக்காவைக் கேட்பாள். நான் அதட்டப்போனால் அக்கா விடமாட்டாள். "கேக்கிறாளே, அது காணும்" என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்று அபி என்றைக்கோ நிறுத்திவிட்டாள். அதற்கும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த அபிதான் குசினிப் படியில் குரக்கன் தூவத் தொடங்கினாள். வகுப்பில் பறவைகளைக் கவனித்து எழுதும் வேலை ஒன்று கொடுத்திருந்தார்களாம். இரண்டு நாளில் குருவிகள் வந்தன. மூன்றாம் நாள் அக்கா ஒரு தகரத்தைத் தட்டி அவற்றைத் துரத்தினாள். அபி மறுபடியும் தூவினாள், அக்கா மறுபடியும் தட்டினாள். பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் வந்தது. நான் போய்க் கேட்டேன்.

"நெல்லுத் தின்னுற சாதி தம்பி. இதுகளுக்குச் சோறு போடுறயா? இதுகளாலதானே அவர் போன" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன கேட்பது? அத்தானுக்கு மண்டூர்ப் பக்கத்து வட்டையில் வயல். எங்கள் ஆட்களில் பலருக்கும் அப்படித்தான், குடியிருப்பு வாவிக்குக் கிழக்கே, விளைச்சல் வாவிக்கு மேற்கே. நல்ல காலத்தில் அது ஒரு தொல்லையே இல்லை. சண்டை வந்தபின் இந்தக் கரை இராணுவத்தின் கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில். அந்தத் தை மாதம் நெல் பால் பிடித்து நின்றது. அந்தப் பருவத்தில் குருவிக் காவல் இல்லாவிட்டால் கதிரில் பதர்தான் மிஞ்சும். கூலிக்குக் காவலிருக்க ஒருவரும் அக்கரைக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். "நாலு நாளைக்கு நானே போய்க் கத்திட்டு வாறன்" என்று அத்தான் சோற்றுப் பார்சலோடு குருமண்வெளித் துறையில் தோணி ஏறினார். அக்கரையில் அவர் இறங்கியதைத் தோணிக்காரர் கண்டிருக்கிறார். அன்று மத்தியானம் அந்த வயல்களுக்கு மேலே ஹெலி சுற்றியது, வெடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் தெரியும். அவரை அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. இராணுவம் தன்னிடம் இல்லை என்றது. இயக்கமும் தன்னிடம் இல்லை என்றது. உடலும் கிடைக்கவில்லை.

அத்தான் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தீங்கு செய்யாதவர் என்று எழுதினால் பொய். கோபக்காரர். ஆனால் அக்காவை ஒருநாளும் "நீ" என்று அழைத்ததில்லை. "தவமணி, இஞ்ச வாங்க" என்பார். எங்கள் ஊர் ஆண்களில் அப்படி ஒருவரை நான் வேறு கண்டதில்லை.

3

அக்காவின் வருகை அனுமதி இரண்டு தடவை நீட்டப்பட்டு, இனி நீட்ட முடியாது என்ற நிலை வந்தது. குடிவரவுக் கந்தோருக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த அதிகாரி பெரிய உடம்பும் மெல்லிய குரலுமாக ஒரு மனிதர். கந்தோர்களில் நான் பட்ட பாட்டுக்கு இவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கதிரை தந்தார், காரியத்தை இங்கிலீஷில் விளங்கச் சொன்னார்.

உடன்பிறந்தவளை என் பொறுப்பில் வைத்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் கணவன் இருக்கக் கூடாது. கணவன் உள்ள பெண் கணவனின் பொறுப்பு. "இவருக்குக் கணவர் உண்டுதானே?" என்று அக்காவின் நெற்றியைக் காட்டிக் கேட்டார். இந்த நகரத்தில் குஜராத்திக் கடைக்காரர்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எதைச் சொல்லுகிறது என்று அவருக்கு நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை.

காணாமல் போய்விட்டார் என்றேன். எங்கே, எப்படி என்று கேட்டார். சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, காணாமல் போனவருக்கு அடையாளமிட இந்தப் படிவத்தில் ஒரு கூடு இல்லை என்றார். காணாமல் போனார் என்று அந்த நாட்டுப் பொலிஸ் எழுதிக் கொடுக்குமா? நான் சிரித்துவிட்டேன். எழுதிக் கொடுக்கிற கைதான் கொண்டுபோன கையோ என்று தெரியாத இடத்தில் போய் யார் கேட்பது? அப்படியானால் இரண்டு வழி உண்டு என்றார். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், அன்றைக்கே முடித்துத் தருகிறேன். அல்லது, கணவர் இவரைக் கைவிட்டுப் போயிருந்தால், அதை இவரே என் முன்னால் சொல்லிச் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாத முடிவில் இவர் விமானம் ஏற வேண்டும்.

வெளியே வந்து முதலாவது வழியை மட்டும் அக்காவுக்குச் சொன்னேன். மற்றதை நான் வாயால் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் கைம்பெண்ணுக்கு இரக்கமாவது உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்றால் அதுவும் கிடையாது. அவளில்தான் என்னவோ பிழை என்று குடி முழுக்கக் கதைக்கும். அத்தானைப் பற்றி அப்படி ஒரு சொல்லை அக்காவின் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

"சான்றிதழ் எடுக்கிறது ஊரில இப்ப லேசு அக்கா. கனபேர் எடுத்திட்டாங்க. வெறும் கடதாசிதானே" என்றேன்.

அவள் பஸ் தரிப்பை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"அண்டைக்கு மட்டும் பொட்டு வைக்காம வந்தாக் காணும். அந்தாள் நெத்தியைப் பாக்கிறான்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிவிட்டு, "அவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யாமச் சான்றிதழ் எடுத்தா அது என்ன சான்றிதழ்?" என்று கேட்டாள். "செய்யிறண்டா எந்த நாளில இருந்து எண்ணுற, சொல்லு." ஆனாலும் ஊரிலுள்ள மச்சான் ஒருவனுக்குச் சான்றிதழ் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதினேன். அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். அவளைத் திரும்ப அனுப்ப என்னால் முடியாது. அங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு பாதி வீடும், தினமும் துறையடியில் போய் நிற்கிற நிற்பும்தான்.

4

அதற்கடுத்த கிழமை ஒரு காலையில் தகரம் தட்டும் சத்தம் கேட்கவில்லை. நான் தேநீருக்காகக் குசினிக்குள் போனேன். அக்கா தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் அசையாமல் நின்றாள்.

"சத்தம் போடாம வா தம்பி. இஞ்ச பாரு, இது பொட்டு வைச்சிரிக்கு."

படியில் இரண்டு குருவிகள். நம் ஊர் நெல்லுக்குருவியின் பருமன். முதுகு மண்ணிறம். முகம், நெஞ்சு, வயிற்றின் பக்கங்கள், வால் எல்லாம் நீலம். வண்ணான் நீலத்தைத் தண்ணீரில் கரைத்தது போன்ற வெளிர் நீலம். இரண்டில் ஒன்றுக்குக் கன்னத்தில் மட்டும் இரத்தச் சிவப்பில் ஒரு வட்டம். விரலால் தொட்டு வைத்த மாதிரியே இருந்தது. மற்றதுக்கு அது இல்லை. நீலமும் கொஞ்சம் மங்கல்.

"சிவப்பு உள்ளது பொஞ்சாதி. மற்றது புருஷன்" என்றாள் அக்கா.

"ஓம்" என்றேன் நானும்.

இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சேவலின் கொண்டையையும் மயிலின் தோகையையும் கண்டு வளர்ந்தவன்தான் நான். பறவைகளில் அலங்காரம் ஆணுக்கு என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ஒரு முகத்தில் சிவப்புப் பொட்டைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் படிப்பெல்லாம் பறந்துவிடும். பொட்டு என்றால் பெண், அதுவும் புருஷன் உள்ள பெண். நானும் அக்காவும் ஒரு நிமிடம்கூட வேறு மாதிரி யோசிக்கவில்லை.

அன்றோடு தகரம் மூலைக்குப் போனது. அக்காவே குரக்கன் தூவத் தொடங்கினாள். அவள் சொல்லும் கதைகளைக் கேட்கவேண்டும். புருஷன் தள்ளி நின்று பொஞ்சாதிக்கு முதலில் விட்டுக்கொடுக்குதாம். பொஞ்சாதிதான் பாட்டுப் பாடுதாம். ஒருநாள் சிவப்புள்ளது ஒரு நீளமான புல்லைச் சொண்டில் கவ்வியபடி துள்ளித் துள்ளி ஆடியதைப் பார்த்துவிட்டு, "வீடு கட்டப்போறாள் போல. வீடு அவள்ட தானே, அவள்தான் கட்டவேணும்" என்று சிரித்தாள். ஊரைவிட்டு வந்தபின் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான். நானும் வசந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு சிவப்புள்ளது வராமல் போயிற்று. பூனை பிடித்ததோ, பருந்து தூக்கியதோ, வேறெங்கும் போயிற்றோ, யாருக்குத் தெரியும்? மங்கலானது மட்டும் வந்தது. அக்கா அதற்கென்று குரக்கனைத் தனியே குவித்து வைப்பாள். "பாவம் கா" என்பாள் வசந்தியிடம். "பொஞ்சாதி இல்லாம நிக்கிறான். ஆம்பிளைக்குத் தனிய இரிக்கத் தெரியாது."

அபிக்கு அந்தக் குருவியின் பெயர் வேண்டும். அவளுடைய பள்ளிக்கூட நூலகத்தில் கிழக்கு ஆபிரிக்கப் பறவைகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒரே பக்கத்தில் நீலக் குருவிகள் மூன்று வகை. ஒரு வகையில் ஆணின் உச்சந்தலையும் நீலம். நம்முடைய குருவிக்கு உச்சி மண்ணிறம், ஆகவே அது இல்லை. இன்னொரு வகையில் ஆண், பெண் இரண்டுக்குமே கன்னத்தில் சிவப்புக் கிடையாது, சொண்டும் சாம்பல். நம்முடையதின் சொண்டு மங்கிய ரோசா, அதுவும் இல்லை. மூன்றாவதின் பெயர் கோர்டன் புளூ, அதிலும் செங்கன்ன கோர்டன் புளூ. படத்தைப் பார்த்ததுமே அக்கா, "இதுதான், இதுதான்" என்று விரலை வைத்துவிட்டாள். கழித்துக் கழித்து விடைக்கு வருவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். வாத்தியார் புத்தி. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வரியை அபி வாசிப்பதை நான் தடுக்கவில்லை.

"மாமி, நீ பிழை சொன்னே. சிவப்பு இருக்கிறது ஆம்பிளை. பொம்பிளைக்குச் சிவப்பு இல்லை."

"என்ன மனே?"

"புல்லு வைச்சு டான்ஸ் ஆடினதும் ஆம்பிளைதான். பொம்பிளைக்குக் காட்ட ஆடுறது. இப்ப தனிய வாறது பொம்பிளை."

அக்கா படத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு ஓடாது. ஆனாலும் அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"அப்ப காணாமப் போனது அவனா?"

"ஓம் மாமி. செத்திட்டு."

"காணல்ல எண்டு சொல்லு மனே. செத்த எண்டு நீ கண்டயா?"

அவள் குரலில் ஒரு சூடு இருந்தது. அபி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு அத்தான் ஒரு புகைப்படம் மட்டும்தான். அவளை நான் எப்படிக் கோபிப்பது? அக்காவே அவளின் தலையைத் தடவிவிட்டு, "புத்தகத்தை மடிச்சு வை, பழுதாப்போகும்" என்று எழுந்து போனாள்.

பின்னேரம் நான் வெளியே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். குருவி குரக்கன் பொறுக்கிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இவளுக்கு முதலே சிவப்பு இல்லையே தம்பி. அவன் இரிக்கக்குள்ளயும் இதே முகம், அவன் இல்லாத நேரமும் இதே முகம். இவளிட்ட வந்து அழி எண்டு சொல்ல ஒருத்தருக்கும் ஏலாது."

அழி என்று சொன்னவன் நான்தான். அவள் அதை எனக்குக் குத்திக்காட்டச் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை, அவளுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய்ப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்குச் சரியான விடைக்குப் பிழை போட்டேன்.

5

சான்றிதழ் வந்து சேர்ந்தது. கொழும்புக்குப் போய் இங்கே திரும்பிய ஒருவரின் கையில் மச்சான் கொடுத்துவிட்டிருந்தான். அத்தானின் பெயர், வயது, ஊர் எல்லாம் சரி. மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இறந்த திகதியாக அவர் தோணி ஏறிய நாளை எழுதியிருந்தார்கள்.

அக்காவிடம் காட்டினேன். கையால் தொடவில்லை. "படி" என்றாள். படித்தேன். பெயரைப் படித்தபோது "ம்" என்றாள், கதை கேட்பவர்கள் சொல்லுவது மாதிரி. முடித்ததும், "கந்தோருக்கு எப்ப போற?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை என்றேன்.

"சரி."

அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள விரும்பினேன் என்பதே உண்மை. அவள் இங்கே இருக்கவேண்டும். காலையில் நான் எழும்பும்போது குசினியில் அவள் இருமும் சத்தம் எனக்குக் கேட்கவேண்டும். அம்மா போனபின் எனக்கென்று கூடப்பிறந்தவளாக மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். இதில் என் சுயநலமும் உண்டு.

6

திங்கட்கிழமை காலை அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அக்கா, சொன்னன்தானே..."

"வா போவம். பஸ் போயிரும்."

வசந்தி கண்ணால் என்னை அடக்கினாள். பஸ்ஸில் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சான்றிதழ் பையில் இருக்கிறது. பொட்டைப் பற்றிக் கேட்டால், எங்கள் ஊரில் கைம்பெண்களும் வைப்பார்கள் என்று ஒரு பொய் சொல்லலாம். குஜராத்திக்காரர் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லலாம். மனிதர் நல்லவர், நம்பிவிடுவார்.

ஆனால் மனிதர் என்னைக் கேட்கவில்லை. கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, அக்காவின் நெற்றியை ஒரு தரம் பார்த்துவிட்டு, நேரே அவளிடமே சுவாஹிலியில் கேட்டார். மாமா, உங்கள் கணவர் எங்கே?

நான் பையைத் திறந்து சான்றிதழை எடுக்கப் போனேன். அக்கா என் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"அமெனியாச்சா" என்றாள்.

அதிகாரி இன்னொரு தரம் கேட்டார். அவள் இன்னொரு தரம் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் உரத்து. பக்கத்து மேசையில் இருந்தவளும் திரும்பிப் பார்த்தாள். அமெனியாச்சா என்றால், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சொல் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு கணம் விழித்தேன். பிறகு விளங்கியது. சந்தையில் அந்தப் பெண்களில் பாதிப் பேரின் கதை அதுதான். இப்படி ஒரு வழி இந்தக் கந்தோரில் உண்டு என்பதையும் அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் மொழிபெயர்க்காமல் விழுங்கியதைத் தக்காளிக்காரி மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டாள்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அத்தான் போன அடுத்த வருடம், அவர் மண்டூர்ப் பக்கம் எவளோ ஒருத்தியோடு குடித்தனமாக இருக்கிறாராம் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அதைக் கிணற்றடியில் சொன்னவள் எங்கள் சொந்தச் சித்தியின் மகள். அக்கா அவளுடைய வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் அதற்குப் பிறகு போகவில்லை. அவளின் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்றிருந்தவள், இன்று அதே கதையை ஒரு அந்நியனின் மேசையில் தன் வாயாலே வைத்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். விறாந்தையின் மறு கோடியில் சத்தியக் கடதாசி எழுதும் சட்டத்தரணியிடம் அனுப்பினார். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்ததும் அதிகாரி முத்திரை குத்திக் கோப்பை மூடினார். அக்காவைப் பார்த்து, மிக மெல்லிய குரலில், இரண்டு சொல் சொன்னார். அவருடைய முகத்தில் உண்மையான கோபம் இருந்தது.

வெளியே வந்தோம். அனுமதி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தைக் காணவில்லை. அத்தான் ஒருநாளும் செய்யாததை, செய்ய நினைக்கவும் முடியாததை, நாங்கள் அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பது மட்டும்தான் தெரிந்தது. பஸ் தரிப்பில் நின்றபோது அக்கா கேட்டாள்.

"அந்த மனிசன் கடைசியா என்ன சொன்ன?"

"ஒண்டுமில்ல அக்கா."

"எனக்கு விளங்கல்ல எண்டு நினையாத. நீ சொல்லு."

"கெட்ட மனிசன் எண்டு சொன்னான். அத்தானை."

அவள் வெடிப்பாள் என்று நினைத்தேன். திரும்பிப் போய் அந்த மேசையில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்ப்பாள் என்றும் நினைத்தேன். அத்தானைப் பற்றி ஒரு சொல் பொறுக்காதவள். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், நெற்றியில் படாமல், பார்த்துத் துடைத்தாள்.

"ஏசட்டும் தம்பி. உசிரோட இரிக்கிற மனிசனைத்தான் ஏசுவாங்க. செத்தவனை ஆர் ஏசுற?"